கழுத்தில் நசுங்கும் நரம்பு, கையில் தெரியும்: முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை, வாசகர் கேள்விகள்

வயது 38. லோடு வண்டி ஓட்டுகிறேன். ஐந்து வாரமாக இடது புட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 ஜவ்வு பிதுங்கியிருக்கிறதாம். ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் பொறுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— தேனி வாசகர்

ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலில் நடந்து பாருங்கள். முதலில் குதிகாலை மட்டும் ஊன்றிப் பத்தடி, பிறகு நுனிக்காலில் பத்தடி. எல்4-எல்5 என்பது இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே உள்ள இடம். அங்கே பிதுங்கும் ஜவ்வு பெரும்பாலும் அழுத்துவது எல்5 நரம்பை. பாதத்தையும் பெருவிரலையும் மேலே தூக்குவது அதன் வேலை. குதிகாலில் நடக்கும்போது இடது பாதம் தொய்ந்து தரையைத் தொட்டால், அல்லது பெருவிரல் வலது காலைப் போல நிமிராவிட்டால், பொறுக்கச் சொன்னவரிடம் இதைக் காட்டி மறுபடி கேளுங்கள். பலம் குறைந்துகொண்டே போகும் காலை வாரக்கணக்கில் வேடிக்கை பார்க்கக் கூடாது.

பலம் சரியாக இருந்து வலி மட்டும்தான் என்றால், பொறுக்கச் சொன்னவர் பக்கம்தான் நியாயம். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் கால்வலி தணிந்துவிடுகிறது. பிதுங்கிய துண்டை உடம்பே கரைத்துவிடும். அதிலும், பெரிதாக உடைந்து விழுந்த துண்டுதான் சிறிய பிதுக்கத்தைவிட நன்றாகக் கரைகிறது. ஸ்கேனில் ‘பெரிய ஜவ்வு’ என்று படித்ததும் பலர் நடுங்கிப்போவது இதை அறியாமல்தான். 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, முதுகுவலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் ஸ்கேனில் ஜவ்வுப் பிதுக்கம் தெரிகிறது. இரண்டு நாளுக்கு மேல் படுத்தே கிடப்பதால் பயனில்லை. வலி விடுகிற அளவுக்கு நடங்கள். லோடு ஏற்றி இறக்குவது மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

12 வாரம் தாண்டியும் வண்டி ஓட்ட முடியாத வலி என்றால் மைக்ராஸ்கோப் வழியாக 2, 3 செ.மீ. கீறலில் அந்தத் துண்டை மட்டும் எடுப்பார்கள். அதே நாளோ மறுநாளோ நடக்கலாம். இதில் போவது கால்வலி. இடுப்புவலியும் சேர்ந்து போகும் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்கலாம்.

ஒன்றுக்கு வரவில்லை, அல்லது போவதே தெரியவில்லை. உட்காரும் இடமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போகிறது. இரண்டு காலும் தளர்கின்றன. இவற்றில் எது வந்தாலும் ஓ.பி. சீட்டு எடுத்துக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தண்டுவடம் முடிந்து அதன் கீழே கொத்தாகத் தொங்கும் நரம்புகள் நசுங்குவதன் அடையாளம் இது. 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும், எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது. தாமதித்தால் காலின் பலம் திரும்பினாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமல் போகலாம்.

அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. பூ கட்டுவதுதான் தொழில். ஆறு மாதமாக விரல் ஓடவில்லை, சாதம் பிசையவும் தடுமாறுகிறார். செருப்பு கழன்றுபோவதே தெரிவதில்லை. கழுத்துவலி துளியும் இல்லை. நியூரோ டாக்டர் கழுத்துக்கு ஸ்கேன் எழுதுகிறார். எதற்கு?
— மதுரை வாசகி

அவர் சந்தேகிப்பது கழுத்துப் பகுதியில் தண்டுவடம் நசுங்குவதை. இது வலிக்காமலே வளரும் நோய். அதனால்தான் ‘எல்லாம் சர்க்கரை, வயசு’ என்று வருடக்கணக்கில் தள்ளிப்போடப்படுகிறது.

செருப்பு கழல்வது முற்றிய சர்க்கரை நரம்புப் பாதிப்பிலும் வரும். ஆனால் அது பாதத்தில் தொடங்கி மெல்ல மேலேறும், கைக்கு வருவது கடைசியில். பூ கட்டும் விரல் முதலிலேயே தடுமாறுகிறது என்றால் கழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். டாக்டர் முட்டியில் சுத்தியலால் தட்டும்போது கவனியுங்கள். சர்க்கரைப் பாதிப்பில் அசைவு குறைந்திருக்கும். தண்டுவடம் நசுங்கினால் கால் வெடுக்கென்று உதறும். இரண்டும் ஒருவருக்கே இருந்தால் குழப்பும், அதற்குத்தான் ஸ்கேன்.

வீட்டிலேயும் பார்க்கலாம். பத்து விநாடியில் கையை எத்தனை முறை முழுதாக மூடித் திறக்கிறார் என்று எண்ணுங்கள். 20க்குக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். தரை டைல்ஸ் கோட்டின் மேல் ஒரு பாதத்தின் நுனியை அடுத்த குதிகால் தொடும்படி நடக்கச் சொல்லி, தள்ளாடுகிறாரா என்று பாருங்கள். விழாமல் பிடித்துக்கொள்ள ஆள் நிற்கட்டும்.

கழுத்தெலும்புக்குள் தண்டுவடம் இறங்கும் குழாயின் முன்பின் அகலம் சராசரி 17 மி.மீ. 13க்குக் கீழே போனால் குறுகல். ஜவ்வு, எலும்பு முளை, தடித்த தசைநார் எல்லாம் சேர்ந்து அந்த இடத்தைத் தின்றுவிடுகின்றன. ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் அழுத்தம் என்றால் பெரும்பாலும் கழுத்தின் முன்பக்கமாகப் போவார்கள். மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒதுக்கி, ஜவ்வை எடுத்து, அங்கே கூண்டு போன்ற சிறு தாங்கியும் பிளேட்டும் வைப்பார்கள். பல இடம் என்றால் பின்பக்கமாக எலும்புக் கூரையைத் திறப்பார்கள். முன்பக்கம் செய்தால் சில நாள் விழுங்கச் சிரமம், குரல் கரகரப்பு வரலாம். எந்தப் பக்கம் செய்தாலும் சிலருக்குத் தோளைத் தூக்கும் பலம் ஓரிரு நாளில் குறையும். பெரும்பாலும் மாதக்கணக்கில் அது திரும்பிவிடும்.

நசுக்கல் மேலும் முற்றாமல் நிறுத்துவதே இந்த ஆபரேஷனின் முதல் குறி. போன விரல் வேகம் ஓரளவு திரும்பலாம், முழுதும் என்று உறுதி தர முடியாது. அதனால்தான் ‘இன்னும் கொஞ்சம் முற்றட்டும்’ என்பது தப்பான கணக்கு. அதுவரை எண்ணெய் போட்டுக் கழுத்தைத் திருப்புவது, சொடுக்கெடுப்பது, எடை கட்டி இழுப்பது எதுவும் வேண்டாம். சலூனில் தலையைப் பிடித்து ‘டக்’கென்று திருப்புகிறார்களே, ஆண்களுக்கும் அந்த எச்சரிக்கை உண்டு. வேறு ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க டாக்டரிடம் கழுத்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மூச்சுக்குழல் போடும்போது கழுத்தை அதிகம் பின்னால் மடக்காமல் பார்த்துக்கொள்வார்.

முதுகெலும்புக்கு நியூரோ சர்ஜனா, ஆர்த்தோ சர்ஜனா?
— கும்பகோணம் வாசகர்

ஜவ்வு, குழாய்க் குறுகல், ஸ்க்ரூ வைத்து இணைப்பது இவற்றை இருவருமே செய்கிறார்கள். தண்டுவடத்தின் உறைக்குள்ளே இருக்கும் கட்டி, பிறவியிலேயே கீழே இழுத்துக் கட்டப்பட்ட தண்டுவடம், உள்ளே நீர் கோத்தல் என்றால் நியூரோ சர்ஜன். முதுகு வளைவை நிமிர்த்துவது வழக்கமாக ஆர்த்தோ பக்கம். இந்தியாவில் முதல் நியூரோ சர்ஜரி துறையை 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். எனவே தமிழ்நாட்டில் இந்தத் துறைக்குப் பஞ்சமில்லை. போர்டில் உள்ள பட்டத்தைவிட, ‘இதே ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?’ என்ற கேள்வி பயன்படும். நல்ல டாக்டர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

13 வயது மகளுக்கு முதுகு பக்கவாட்டில் 52 டிகிரி வளைந்திருக்கிறது. ஆபரேஷனில் கால் விளங்காமல் போய்விடுமோ என்று பயம். பெல்ட் போதாதா?
— திருப்பூர் வாசகி

பெல்ட்டுக்கான காலம் கடந்துவிட்டது. வளரும் பிள்ளைக்கு 25 முதல் 40 டிகிரி வரையில்தான் அது உதவும், அதுவும் ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டால். 50ஐத் தாண்டிய வளைவு, வளர்ச்சி நின்ற பிறகும் வருடத்துக்குச் சுமார் ஒரு டிகிரி கூடிக்கொண்டே போகக்கூடும்.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் கால் பலம் பாதிக்கப்படுவது இந்த வயதில் 100க்கு ஒருவருக்கும் குறைவு. கால் பலத்தைக் காப்பது ஆபரேஷனின்போது நடக்கும் நரம்புக் கண்காணிப்பு. தலையில் மின்முனைகளை வைத்து மூளையைத் தூண்டுவார்கள், கால் தசைகளில் குத்திய மெல்லிய ஊசிகள் பதிலைப் பதிவு செய்யும். கம்பியைப் போட்டு வளைவைத் திருத்தும் நேரம்தான் ஆபத்தான கட்டம். சிக்னல் சட்டென்று விழுந்தால் முதலில் ரத்த அழுத்தத்தை உயர்த்துவார்கள். ரத்த அளவையும் உடல் சூட்டையும் மின்முனைகளையும் பார்ப்பார்கள். பிறகு திருத்தலைத் தளர்த்துவார்கள், சந்தேகமான ஸ்க்ரூவைக் கழற்றுவார்கள். அப்படியும் தெளியாவிட்டால் மயக்கத்தைக் குறைத்து ‘காலை அசைம்மா’ என்று சொல்லிப் பார்ப்பார்கள். இதற்காகத் தசையைத் தளர்த்தும் மருந்தை அந்த நேரத்தில் தவிர்க்க வேண்டும், மயக்க வாயுவையும் குறைக்க வேண்டும். ஆகவே மயக்க டாக்டருக்கும் இதில் பழக்கம் இருக்க வேண்டும். கண்காணிப்பு வசதி இல்லாத இடத்தில், செலவு குறைவு என்பதற்காகச் செய்துகொள்ளாதீர்கள்.

முன்னதாக எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா என்று கேளுங்கள். மேல் முதுகு வலப்பக்கம் வளைவதே வழக்கம். இடப்பக்கம் வளைந்தாலோ, கடும் வலி இருந்தாலோ உள்ளே தண்டுவடத்தில் நீர் கோத்திருக்கலாம். அப்படியானால் நியூரோ சர்ஜன் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

முதுகெலும்பில் டி.பி. மூன்று மாத மாத்திரையில் வலி போய்விட்டது. நிறுத்தலாமா?
— வேலூர் வாசகர்

கூடாது. எலும்பு டி.பி.க்குக் குறைந்தது 12 மாதம். வலி போனது கிருமி போனதற்கு அடையாளமில்லை. பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத டி.பி.யாகத் திரும்பலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது மருந்தால்தான், பயம் வேண்டாம். பார்வை மங்கினாலோ கண் மஞ்சளானாலோ உடனே சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். டி.பி. நோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் பதிவில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் சத்துணவு உதவியும் உண்டு. கால் தளர்ந்தாலோ எலும்பு நொறுங்கி முதுகு கூன் விழுந்தாலோதான் ஆபரேஷன் பேச்சு வரும்.

முதுகில் ஸ்க்ரூ இருக்கிறது. ஏர்போர்ட்டில் சத்தம் போடுமா?
— நாகர்கோவில் வாசகர்

டைட்டானியம் என்றால் பெரும்பாலும் போடாது. போட்டால் டிஸ்சார்ஜ் சம்மரி நகல் ஒன்றைக் காட்டி விளக்கலாம். எம்.ஆர்.ஐ.யும் எடுக்கலாம், ஸ்க்ரூவைச் சுற்றிப் படம் மட்டும் கலங்கித் தெரியும். மேஜையில் படுப்பதற்கு முன் டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள்.