குரோஷா பேட்டர்னில் வரும் 'கேஜ்' (10 செ.மீ.க்கு எத்தனை ஸ்டிச், எத்தனை வரிசை என்ற கணக்கு) என்பதை எப்படி அளப்பது? அளக்காமல் போட்டால் என்ன?

கேள்வியில் இருக்கும் விவரம்: காட்டன் நூலில் ஒரு டாப் போட வேண்டும், பேட்டர்னில் '10 செ.மீ.க்கு 16 ஸ்டிச், 9 வரிசை, 4 மி.மீ. ஊசி' என்று இருக்கிறது, அந்த ஊசி கையிலேயே இருக்கிறது, பிறகு எதற்கு அளக்க வேண்டும்?

அளந்துதான் ஆக வேண்டும். பேட்டர்ன் எழுதியவருடைய கைக்கு 4 மி.மீ. சரியாக வந்தது, அவ்வளவுதான். உங்கள் கை இறுக்கமா தளர்வா என்று அவருக்கு எப்படித் தெரியும்? மார்புச் சுற்று 96 செ.மீ. என்றால் அவர் கணக்குக்கு ஏறக்குறைய 154 ஸ்டிச். உங்களுக்கு 10 செ.மீ.க்கு 14தான் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 154 ஸ்டிச் 110 செ.மீ. ஆகிவிடும். இரண்டே ஸ்டிச் வித்தியாசத்தில் டாப் நைட்டியாகிவிடும். 18 விழுந்தால் 86 செ.மீ.கூட வராது.

முதலில் குறைந்தது 15 செ.மீ. சதுரத்துக்கு ஒரு மாதிரித் துண்டு போடுங்கள். 10 செ.மீ.தானே கேட்கிறார்கள் என்று சரியாக 10 செ.மீ.க்குப் போட்டால் பயனில்லை. ஓர ஸ்டிச்சுகளும் முதல் வரிசையும் எப்போதும் கொஞ்சம் கோணிக்கொண்டுதான் இருக்கும், நடுப்பகுதியைத்தான் நம்பலாம். டாப்பில் எந்த ஸ்டிச் வருகிறதோ அதே ஸ்டிச், அதே நூல், அதே ஊசி. இரும்பு ஊசியிலிருந்து மூங்கிலுக்கு மாறினாலும் இறுக்கம் மாறும். மே மாதத்தில் கை வேர்த்து நூல் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும்போது என் ஸ்டிச் இன்னும் இறுகும், அதனால் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துதான் மாதிரித் துண்டே போடுவேன்.

போட்டதும் அளக்காதீர்கள், துவையுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். சுடிதாருக்குக் காட்டன் துணி எடுத்தால் நனைத்துக் காயவைத்துத்தானே டெய்லரிடம் கொடுக்கிறோம், அதே நியாயம்தான். முடிந்த டாப்பை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே துவையுங்கள்: மெஷின் என்றால் மெஷின், கை என்றால் கை. காட்டன் துவைத்தால் சுருங்கலாம், தொங்கும்போது தன் கனத்தாலேயே நீளலாம். அதனால் தட்டையாகப் போட்டுக் காயவைத்து அளந்துவிட்டு, கிளிப் மாட்டிக் கொடியில் ஒரு நாள் தொங்கவிட்டு நீளத்தை மறுபடி பாருங்கள். ஐப்பசி மழையில் காய்வதற்கு ரொம்ப நேரம் எடுக்கும். அவசரப்பட்டு இஸ்திரி போட வேண்டாம். அக்ரிலிக் உல்லன் என்றால் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், சூட்டில் துவண்டுபோனால் பழையபடி ஆகாது.

அளப்பதற்கு மேசை மேல் இழுக்காமல் விரித்து, நடுவில் ஸ்கேலை வைத்து, 10 செ.மீ.யின் இரண்டு முனையிலும் குண்டூசி குத்தி எண்ணுங்கள். டெய்லர் டேப் பழசானால் இழுபட்டிருக்கும், அதனால் ஸ்கேல்தான் என் தேர்வு. அரை ஸ்டிச் வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 96 செ.மீ.யில் அது கிட்டத்தட்ட 5 ஸ்டிச்.

எண்ணிக்கை பேட்டர்னைவிட அதிகமாக வந்தால் பெரிய ஊசி, குறைவாக வந்தால் சின்ன ஊசி. அரை மி.மீ. அரை மி.மீ.யாக மாற்றிப் பாருங்கள். கடையில் ஊசியை நம்பர் சொல்லி வாங்காதீர்கள். ஸ்வெட்டர் ஊசியில் பிரிட்டிஷ் கணக்குக்கு 8 நம்பர் 4 மி.மீ., அமெரிக்கக் கணக்குக்கு அதே 8 நம்பர் 5 மி.மீ. மி.மீ. எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

குரோஷாவில் அகலம் சரியாக வந்தும் வரிசை உயரம் ஒத்துவராமல் படுத்தும். ஊசியை மாற்றினால் அகலம் கெட்டுவிடும். நூலைச் சுற்றி முதல் லூப்பை மேலே இழுக்கும்போது எவ்வளவு உயர்த்துகிறீர்கள் என்பதில்தான் உயரம் இருக்கிறது. அதைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். சரிப்படவில்லையென்றால் விடுங்கள், வரிசைகளை எண்ணாமல் செ.மீ. கணக்கில் நீளத்தை முடித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் உடம்பில் போடுகிற உருப்படிகளுக்குத்தான். பொம்மைக்கு உள்ளே அடைத்த பஞ்சு தெரியாத அளவு இறுக்கம் இருந்தால் போதும். மேசை விரிப்புக்கும் வாசல் தோரணத்துக்கும் நான் அளப்பதேயில்லை. போர்வை தனியாக ஒருவர் போட்டால் பரவாயில்லை, பலர் சேர்ந்து போட்டால் கதை வேறு. 2016-இல் நம் சென்னையில் மதர் இந்தியா குரோஷே குயின்ஸ் குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தது. அத்தனை பேர் கையில் உருவான துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால், ஊசி நம்பரைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, முடிந்த துண்டின் அளவும் ஒன்றாக வர வேண்டும்.

மாதிரித் துண்டைப் பிரித்துவிடாதீர்கள். ஊசி அளவை ஒரு சீட்டில் எழுதி அதிலேயே குத்தி வையுங்கள். கழுத்துப் பட்டை போடும்போது நூல் தீர்ந்துபோய், அதே சாயத்தில் கடையில் கிடைக்காமல் போனால், அப்போது பிரித்துக்கொள்ளலாம்.