செடிக்குள் குடியிருக்கும் பாக்டீரியா: டீச்சர் பதில்கள்

இந்த மாதம் உயிர் உரப் பாக்கெட் (உயிருள்ள நல்ல பாக்டீரியாவைக் கரித்தூளில் கலந்து அடைத்தது) பற்றித்தான் கடிதங்கள் அதிகம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

டீச்சர், பிசான நெல் அறுத்த வயலில் உளுந்து விதைத்தேன். விதையில் ரைசோபியம் என்ற பாக்டீரியா உரம் கலந்தேன். பக்கத்து வயல்காரர் கலக்கவில்லை. இரண்டு வயலிலும் பயிர் ஒன்றுபோலத்தான் நிற்கிறது. இந்தப் பாக்கெட் வெறும் வியாபாரமா?
*விவசாயி, வீரவநல்லூர்*

அண்ணாச்சி, பயிரின் உயரத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பூ எடுக்கும் சமயத்தில் நாலைந்து செடிகளை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து எடுங்கள். கையால் பிடுங்கினால், பாக்டீரியா குடியிருக்கும் சிறு உருண்டைகளான வேர் முடிச்சுகள் அறுந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். வாய்க்காலில் வேரை மெதுவாக அலசிவிட்டு, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் செய்யவில்லை. காய் முற்றும்போது நல்ல முடிச்சும் நிறம் மாறிவிடும். அதனால் பூப் பருவத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

அந்தச் சிவப்பு, நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய உறவான ஒரு புரதத்தின் நிறம். லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம்தான் அதை அம்மோனியாவாக மாற்றிக் கொடுக்கிறது. அந்த வேலையைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிவப்புப் புரதம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, தேவைக்கு மட்டும் அளந்து விடுகிறது. எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் எனக்கு அலுக்காத பாடம் இது.

இரண்டு வயலும் ஏன் ஒன்றுபோல இருக்கின்றன? வருடா வருடம் உளுந்தோ பாசிப்பயறோ தட்டைப்பயறோ போட்ட மண்ணில், இந்த மூன்றோடும் சேரும் ரைசோபியம் ஏற்கெனவே நிறைய இருக்கும். அங்கே பாக்கெட் தரும் கூடுதல் பலன் குறைவு. புதிதாகத் திருத்திய நிலம், பல காலமாகப் பயறு காணாத நிலம் என்றால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். யூரியாவை அள்ளிப் போட்ட வயலிலும் பலன் இராது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், கையில் கிடைக்கும்போது செடி முடிச்சு வைக்க முனையாது.

இன்னொன்றையும் பாருங்கள்: நீங்கள் வாங்கிய பாக்கெட்டில் உயிர் இருந்ததா? எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் இந்தப் பாக்கெட்டுகளை வாசலில், சுள்ளென்று வெயில் விழும் இடத்தில் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். சொன்னதற்கு, "உரம்தானே டீச்சர்" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. உள்ளே இருப்பது உயிர். வெயிலில் வெந்துபோனால் விவசாயி காசு கொடுத்து வாங்குவது வெறும் கரித்தூளைத்தான். காலாவதித் தேதியைப் பார்த்து, நிழலில் வைத்திருக்கும் இடத்தில் வாங்குங்கள். ஹெக்டேருக்கு வேண்டிய விதைக்கு 200 கிராம் பாக்கெட் மூன்று, அதாவது 600 கிராம். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி உடனே விதைத்துவிடுங்கள். பூஞ்சாண மருந்து கலந்த விதை என்றால் ஒரு நாள் கழித்துத்தான் இதைக் கலக்க வேண்டும்.

செடிக்குள் பாக்டீரியா புகுந்தால் அது நோய்தானே? நோய் தராமலும் உள்ளே இருக்குமா? அது வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டதில்லை என்று எப்படித் தெரியும்?
*கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை*

நல்ல கேள்வி, அம்மா. நோய் தராமல் இருக்கும், ஏராளமாகவே இருக்கும். நெல், கரும்பு, வாழை, வேம்பு என்று எதைச் சோதித்தாலும் உள்ளே பாக்டீரியா அகப்படும். பக்கவேர் வெடித்து வரும் இடத்தின் இடுக்கு, இலைத்துளை, பூச்சி கடித்த காயம் ஆகியவற்றின் வழியாக நுழைந்து, செல்களுக்கு இடைப்பட்ட வெளியிலும் நீர் ஏறும் குழாய்களிலும் தங்கிவிடுகின்றன. சில விதைக்குள்ளேயே இருந்து அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. இப்படிச் செடிக்குள் வாழ்பவற்றை அகவுயிரி என்று தமிழில் எழுதுகிறோம்.

உள்ளே இருப்பதை நிரூபிக்கும் முறை எளிமையானது, அதே சமயம் கறாரானது. இலைத் துண்டை ஆல்கஹாலிலும் பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட்டிலும் முக்கியெடுத்து, கிருமி நீக்கிய நீரில் பலமுறை அலசுவார்கள். கடைசியாக அலசிய நீரையும் ஒரு தட்டில் விட்டு வளர்த்துப் பார்க்க வேண்டும். அந்தத் தட்டில் ஒன்றுமே முளைக்காமல், நறுக்கிய இலைத் துண்டிலிருந்து மட்டும் பாக்டீரியா வந்தால்தான் அது உள்ளே குடியிருந்தது என்று பொருள். ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது இந்தக் கடைசித் தட்டு இருக்கிறதா என்று முதலில் பார். இல்லையென்றால் அந்தக் கட்டுரையை நம்பாதே.

பிரேசிலில் பணியாற்றிய ஜோஹன்னா டோபரைனர் என்ற அறிவியலாளரின் பெயரை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பல கரும்புத் தோட்டங்கள் அதிகத் தழைச்சத்து உரம் இல்லாமலே வருடக்கணக்கில் மகசூல் தந்ததன் காரணத்தைத் தேடியவர். 1988இல் அவரும் உடன் பணியாற்றியவரும் கரும்புக்குள்ளிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். இன்று குளுக்கனோஅசிட்டோபேக்டர் என்கிறோம். கரும்புச் சாற்றின் இனிப்பிலும் புளிப்பிலும் சுகமாக வாழ்ந்துகொண்டே காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிறது. இன்று நம் ஊர்க் கரும்புக்கும் உயிர் உரமாகக் கிடைக்கிறது.

ஆய்வகம் இல்லாமலே கண்ணால் காண ஆசை என்றால் பாவட்டைச் செடியைத் தேடு. மலையடிவாரப் புதர்க்காடுகளில் இருக்கும். கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ, நல்ல வாசம். ஓர் இலையைப் பறித்து வானத்துக்கு எதிரே பிடி. பச்சைக்குள் அங்கங்கே சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும். பூச்சி கடித்த தடம் என்று நினைத்துவிடாதே. விரலால் தடவினால் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் பாக்டீரியா குடியிருக்கும் இலை முடிச்சு. 1902இல் சிம்மர்மன் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் இவற்றை விவரித்தார். இவையும் நைட்ரஜன் பிடிக்கின்றன என்று நீண்ட காலம் நம்பினார்கள். அது சரியில்லை என்று பின்னால் தெரிந்தது. இதே போன்ற இலை முடிச்சுகள் கொண்ட உறவுச் செடி ஒன்றில், உள்ளிருக்கும் பாக்டீரியா பூச்சிகளுக்கு நஞ்சாகும் பொருளைத் தயாரிப்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் மாணவர்களிடம் பாவட்டை இலையைக் கொடுத்து வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னால், அதுவரை பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளும் வாயடைத்துப் போவார்கள்.

நிலாவரை அவரைக் குடும்பம்தானே டீச்சர்? உளுந்து மாதிரி இதற்கும் தழைச்சத்து போடாமல் விட்டுவிடலாமா?
*வாசகர், சாத்தான்குளம்*

விடக்கூடாது. உலகச் சந்தையில் நம் ஊர்ப் பெயரோடு 'டின்னவேலி சென்னா' என்று விற்கும் இந்த நிலாவரை, அவரைக் குடும்பத்தில் பிறந்தும் வேர் முடிச்சு வைக்காத இனம். தொழுவுரம் கொடுங்கள். நேர்மாறாக, உங்கள் தேரிப் பக்கத்துச் சவுக்கு அவரைக் குடும்பமே இல்லை. அதன் வேரில் பிராங்கியா என்ற பாக்டீரியா முடிச்சு போட்டு நைட்ரஜன் பிடிக்கிறது. மணல் காட்டில் சவுக்கு செழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாழையில் வாடல் நோய் வந்துவிட்டது. சூடோமோனாஸ் ஊற்றினால் பிழைக்குமா?
*விவசாயி, களக்காடு*

வாடிய மரம் பிழைக்காது, அண்ணாச்சி. பிழைக்கும் என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள். பனாமா வாடல் பூஞ்சை மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். தண்டை வெட்டிப் பார்த்தால் குழாய்கள் செம்பழுப்பாக இருக்கும். அந்த மரத்தைக் கிழங்கோடு அகற்றி அழிப்பதே வழி. அந்தத் தோட்டத்துப் பக்கக் கன்றை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள், வெட்டிய அரிவாளைக் கழுவாமல் அடுத்த மரத்தில் வைக்காதீர்கள்.

சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற பாக்டீரியா வருமுன் காப்பதற்கு உரியது. மண்ணிலுள்ள இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளைச் சுரக்கிறது. இரும்பு கிடைக்காமல் பூஞ்சை திணறுகிறது. பூஞ்சைக்கு எதிரான வேறு சில பொருட்களையும் சுரக்கும். வேரில் குடியேறியபின் செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டியெழுப்பும். ஆகவே நடும்போதே, நோயில்லாத தோட்டத்துக் கன்றின் கிழங்கை இதைக் கொண்டு நேர்த்தி செய்யுங்கள். நெல்லுக்கு என்றால் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம். காப்பர் மருந்தோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், பாக்டீரியா செத்துப்போகும்.

திசு வளர்ப்புக் கன்று வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது ஆய்வகத்தில் சுத்தமாக வளர்வதால் நோய்க்கிருமி இருக்காது, கூடவே நல்ல அகவுயிரிகளும் வெகுவாகக் குறைந்திருக்கும். கன்றை வெளிச் சூழலுக்குப் பழக்கும் கட்டத்திலேயே நல்ல பாக்டீரியாவைச் சேர்த்துக் கொடுக்கும் முயற்சிகள் நடக்கின்றன. நாற்றங்காலில் கேட்டு வாங்குங்கள்.

பொதிகை மலை மூலிகைகளின் குணம் உள்ளே இருக்கும் பாக்டீரியாவால்தான் வருகிறது என்று படித்தேன். அப்படியானால் நம் வைத்தியர்கள் சொன்னதெல்லாம்?
*வாசகர், விக்கிரமசிங்கபுரம்*

வைத்தியர்கள் சொன்னது செடியின் பயனை. அதைத் தயாரிப்பது யார் என்ற கேள்வி வேறு. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது.

சில செடிகளில் நீங்கள் படித்தது உண்மை. மேடான்சின் என்ற பொருளை 1972இல் ஆப்பிரிக்கச் செடி ஒன்றிலிருந்து எடுத்ததாக அறிவித்தார்கள். அது நம் வாலுளுவைக் கொடியின் குடும்பம். புற்றுச் செல்களைக் கொல்லும், ஆனால் தாங்க முடியாத நஞ்சு. பின்னால் அதன் மாற்று வடிவத்தைப் புற்றுச் செல்லைத் தேடிப் போகும் எதிர்ப்புரதத்தோடு (ஆன்டிபாடி) இணைத்து, ஒருவகை மார்பகப் புற்றுக்கு மருந்தாக்கினார்கள். 2013இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதற்கிடையே அந்தச் செடிகளின் உறவினம் ஒன்றின் வேரைச் சோதித்தபோது, மேடான்சினைத் தயாரிப்பவை வேருக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் என்று தெரியவந்தது.

வட ஆஸ்திரேலியப் பழங்குடியினர் புண்ணுக்குக் கட்டும் ஒரு கொடியிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா வகையைச் சேர்ந்த அகவுயிரி ஒன்றைப் பிரித்தார்கள். அது சுரக்கும் பொருட்கள் காசநோய்க் கிருமியையும் மலேரியாக் கிருமியையும் ஆய்வகத்தில் அடக்கின. 2002இல் வெளியான ஆய்வு அது. பழங்குடியினர் எந்தச் செடியைக் காட்டினார்களோ அங்கேதான் விஞ்ஞானிகள் தேடினார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் பொதிகை மலைப் பழங்குடியினரான காணிக்காரர்களின் அறிவையும் அந்த மதிப்போடுதான் பார்க்க வேண்டும்.

ஆனால் ஆய்வகத் தட்டில் கிருமி செத்தது என்பதற்கும் மருந்துக் கடைக்கு வந்துவிட்டது என்பதற்கும் இடையே வெகுதூரம் இருக்கிறது. செடியைவிட்டு வெளியே எடுத்து வளர்த்தால் பல அகவுயிரிகள் அந்தப் பொருளைச் சுரப்பதையே நிறுத்திவிடுகின்றன. இது இந்தத் துறையின் பெரிய சிக்கல். ஆபத்தும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பாவட்டையின் உறவினங்கள் சிலவற்றை மேயும் ஆடுமாடுகள் சில வாரம் கழித்து இதயம் செயலிழந்து திடீரென்று செத்து விழுகின்றன. அந்தச் செடிகளிலும் பாக்டீரியா குடியிருக்கிறது. ஆகவே எந்த இலையையும் கட்டுரை படித்துவிட்டு மெல்லாதீர்கள். தேர்ந்த சித்த மருத்துவரிடம் கேளுங்கள்.

கீரையை எவ்வளவு கழுவினாலும் உள்ளே இருக்கும் பாக்டீரியா நீங்காதாமே? சாப்பிடலாமா?
*வாசகி, அம்பாசமுத்திரம்*

தாராளமாகச் சாப்பிடுங்கள். கீரைக்குள் வழக்கமாகக் குடியிருப்பவை நம்மை ஒன்றும் செய்யாது. சாக்கடைத் தண்ணீர் பாய்ச்சிய கீரைதான் ஆபத்து. அந்தத் தண்ணீரில் வரும் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இலைத்துளையிலும் வெட்டுக்காயத்திலும் புகுந்துகொள்ளும், கழுவினால் போகாது. கீரைக்காரரிடம் எந்தத் தண்ணீர் பாய்கிறது என்று கேட்டு வாங்குங்கள். தெரியாத கீரையை நன்றாக வேகவைத்துவிடுங்கள், பச்சையாகத் தின்னக் கொடுக்க வேண்டாம்.