கிணற்றைப் பார்த்து விதையுங்கள்

கேள்வி: எங்களுக்கு 40 சென்ட் நிலமும் ஒரு கிணறும் உண்டு. போன மாசியில் தக்காளி நட்டேன். செடி செழித்தது, பங்குனியில் பூவெல்லாம் கொட்டிவிட்டது. இந்த மாசிக்கு என்ன போடலாம்?
- ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் கையில் குறையில்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூவில் பிஞ்சு பிடிப்பது அரிது. வெண்டையும் கொத்தவரையும் அந்த வெயிலுக்கு அஞ்சாதவை.

ஆனால் 40 சென்ட்டிலும் விதைத்துவிடாதீர்கள். மோட்டார் போட்டால் எவ்வளவு நேரத்தில் தண்ணீர் அடிதட்டுகிறது, மறுபடி ஊற எவ்வளவு நேரமாகிறது என்று இரண்டு நாள் குறித்துவையுங்கள். சித்திரையில் அதில் பாதிதான் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். கால் ஏக்கர் புடலையைக் காயவிட்ட பிறகுதான் எனக்கு இந்தப் புத்தி வந்தது. பந்தல் போட்ட கடன் இருந்தது, பந்தலில் காய் இல்லை.

10 சென்ட் வெண்டைக்கு 300 கிராம் விதை போதும். இரவு ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பாருக்குப் பார் (வரிசைக்கு வரிசை) ஒன்றரை அடி, விதைக்கு விதை ஓர் அடி விட்டு ஊன்றுங்கள். ஊன்றியதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். பிறகு மண்ணைத் தொட்டுப் பார்த்துப் பாய்ச்சுங்கள். கோடையில் வெள்ளை ஈ பெருகும். மஞ்சள் நரம்புத் தேமல் நோயைச் செடிக்குச் செடி பரப்புவது அதுதான். நரம்பு மஞ்சளித்த செடியைப் பார்த்த அன்றே பிடுங்கிவிடுங்கள். பாவம் பார்க்காதீர்கள். 45 நாளில் பறிப்பு தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும். கல்யாணம், திருவிழா என்று நான்கு நாள் போய்விட்டு வந்தால், முற்றிய காயை மாடுகூட யோசித்துத்தான் தின்னும்.

கொத்தவரை ஒரு தண்ணீர் தப்பினாலும் தாங்கும். அதைத் தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடையில் போடுங்கள்.

கேள்வி: பூசணிக்கொடியில் பூ நிறைய, காய்தான் இல்லை. ஏன்?
- ஒரு வாசகர், திருவண்ணாமலை

பதில்: முதலில் வருபவை ஆண் பூக்கள். பூவுக்கு அடியில் சிறு உருண்டை தெரிந்தால் அது பெண் பூ, அதுவரை பொறுங்கள். பெண் பூ வந்தும் பிஞ்சு வெம்பி விழுந்தால் தேனீ வரவில்லை என்று பொருள். காலையில் மருந்து அடிக்கும் பழக்கம் இருந்தால் மாலைக்கு மாற்றுங்கள். தேனீ திரும்பும்வரை, விடிந்ததும் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். மீந்த ஆண் பூக்களைக் கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போடலாம்.