ஓசூர் மத்திகிரி பக்கம் மனை விலை ஏன் இவ்வளவு? இப்போது வாங்கலாமா?

சொந்தமாக வீடு கட்டிக் குடியிருக்க என்றால் வாங்கலாம், ஆனால் இரண்டு வருடத்தில் கைமாற்றி லாபம் பார்க்கலாம் என்று நினைத்தால் நான் வேண்டாம் என்பேன்.

விலைக்குக் காரணம் பெரிய ரகசியம் இல்லை. பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், அங்கே மனை வாங்க முடியாதவர்கள் எல்லை தாண்டி இங்கே வருகிறார்கள், சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருபவர்களுக்கு வாடகை வீடு வேண்டும், 2019இல் ஓசூர் மாநகராட்சியும் ஆகிவிட்டது. தரகர்கள் இதையெல்லாம் சேர்த்து, இன்னும் வராத மெட்ரோவுக்கும் இப்போதே விலை வைத்துவிடுகிறார்கள்!

நீங்கள் பார்க்க வேண்டியது பேப்பரை. மனைப்பிரிவுக்கு டிடிசிபி, அதாவது அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் உண்டா, 30 வருட வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ஏதாவது தொங்குகிறதா, பட்டா விற்பவர் பெயரில் தனியாக இருக்கிறதா அல்லது கூட்டுப் பட்டாவா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனையைச் சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள், பத்திரப் பதிவிலேயே சிக்கும், வங்கியும் கடன் தராது. பதிவுச் செலவாக முத்திரைத் தீர்வை 7, கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். பலர் இதை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் நகையை அடகு வைக்க ஓடுகிறார்கள்.

அப்புறம் தண்ணீர். ஒகேனக்கல் குடிநீர் அந்தத் தெருவுக்கு வருகிறதா, போர் எத்தனை அடி என்று விற்பவரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள், அதுவும் ஏப்ரல் மாதத்தில்.