சிலைக்குக் கார்பன் டேட்டிங்கா? அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்

கேள்வி: பூர்வீக வீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு சாண் உயர அம்மன் சிலை கிடைத்தது. கையில் கரண்டி. பீடத்தில் 'கோமளம்' என்று வெட்டியிருக்கிறது. சிற்பம் தெரிந்த ஒருவர் 'சோழர் பாணி' என்றார். நகைக்கடை மெஷினில் வைத்துப் பார்த்தால் செம்பு 64, துத்தநாகம் 33 விழுக்காடு, மீதி காரீயம் என்று வந்தது. மானுடவியல் படித்த உறவினர், 'இது வீட்டுச் சடங்குப் பொருள்' என்கிறார். ஒரு தரகரோ, இது ஆயிரம் வருடச் சிலை, கார்பன் டேட்டிங் செய்து சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன், 45,000 ரூபாய் ஆகும் என்கிறார். இந்த நால்வரில் யாரை நம்புவது?

– வாசகர், கும்பகோணம்

பதில்: தரகரைத் தவிர மற்ற மூவரையும் நம்பலாம். அவர்கள் ஒருவரை ஒருவர் மறுக்கவில்லை. சிற்பம் தெரிந்தவர் உருவ அமைப்பைச் சொன்னார், மெஷின் உலோகக் கலவையைச் சொன்னது, உங்கள் உறவினர் அதன் உபயோகத்தைச் சொன்னார். வயதை மூவருமே சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் புகுந்திருக்கிறார்.

முதலில் அவர் கதையை முடித்துவிடுவோம். கார்பன் கணக்கு, உயிரோடு இருந்த பொருளுக்கு மட்டும்தான் செல்லும்: மரம், கரி, எலும்பு, நெல், ஓலை. உயிர் போன நாளிலிருந்து அதிலுள்ள கார்பன்-14 குறைந்துகொண்டே வரும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும். மிச்சத்தை அளந்து வயதைச் சொல்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டச் சிவகளை அகழாய்வில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று வந்தது இப்படித்தான். தாழியைச் சோதிக்கவில்லை, உள்ளே இருந்த நெல்லைச் சோதித்தார்கள். செம்பும் துத்தநாகமும் எந்தக் காலத்திலும் உயிரோடு இருந்ததில்லை. பித்தளைச் சிலைக்குக் கார்பன் சர்டிபிகேட் என்று ஒரு காகிதம் வந்தால் அதில் முத்திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மதிப்பில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. தரகர் அடுத்து அதைத்தான் எடுப்பார் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். உள்ளே பொள்ளலாக வார்த்த சிலையில் களிமண் கரு இருக்கும். வார்க்கும்போது அந்த மண் சுட்டுவிடும். கடைசியாகச் சுட்ட நாளிலிருந்து மண்ணிலுள்ள கனிமங்களில் கதிரியக்கத்தின் தடம் சேர்ந்துகொண்டே வரும். சோதனைக்கூடத்தில் சூடாக்கினால் அது ஒளியாக வெளிப்படும். அந்த ஒளியை அளந்து வயதைக் கணிக்கலாம். வெப்ப ஒளிர்வு முறை என்பது இதுதான். ஆனால் நம் பக்கத்துச் செப்புத் திருமேனிகள் பெரும்பாலும் கனவார்ப்பு. மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடம் முழுக்க உலோகத்தை ஊற்றுவார்கள். உள்ளே மண்ணே கிடையாது. வெளியில் மடிப்புகளில் ஒட்டியிருக்கும் மண்ணைச் சுரண்டிக் கொண்டுபோனால் அது உங்கள் பரண் தூசியாகக்கூட இருக்கலாம். உங்கள் சிலையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் குழிவாக, கருத்த மண் ஒட்டியிருந்தால் மட்டுமே இந்தப் பேச்சு. அப்படி இருந்தாலும், மண்ணுக்குச் செயற்கையாகக் கதிர்வீச்சு கொடுத்து வயதை ஏற்றிக் காட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு சாண் சிலைக்கு இந்தச் செலவு வேண்டாம்.

சரி, மெஷின் சொன்னதற்கு வருவோம். நகைக்கடையில் இருப்பது எக்ஸ்-கதிர் மெஷின். தங்கத்துக்கென்று அளவு திருத்தி வைத்திருப்பார்கள். பொருளின் மேல்தோலைத்தான் படிக்கும். புளி போட்டுத் தேய்த்த பித்தளையில் மேலே துத்தநாகம் குறைந்திருக்கும், ஆகவே உள்ளே 33-ஐவிடக் கூடுதலாகவே இருக்கலாம். அந்த எண்தான் எனக்கு முக்கியம். செம்பையும் துத்தநாகத் தாதுவையும் கரியோடு மூசையில் (உலோகம் உருக்கும் மண் குப்பி) வைத்து எரிக்கும் பழைய முறையில் துத்தநாகம் 28 விழுக்காட்டைத் தாண்டுவது கடினம். அதற்கு மேல் போனால் தனியாக வடித்தெடுத்த துத்தநாகத்தைக் கலந்திருக்க வேண்டும். சோழர் காலத் திருமேனிகளில் செம்புதான் பெரும்பங்கு, கூடவே காரீயமும் வெள்ளீயமும். மூன்றில் ஒரு பங்கு துத்தநாகம் அங்கே பொருந்தாது. 'சோழர் பாணி' என்றவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பாணியில் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றைக்கும் வார்க்கிறார்கள்.

பீடத்தைப் பாருங்கள். 'கோமளம்' என்பதில் 'கோ'வின் கொம்புக்கு இரட்டைச் சுழி போட்டிருந்தால் எழுத்து வெட்டியது 18-ஆம் நூற்றாண்டுக்கு முன் இருக்க வாய்ப்பில்லை. பழைய எழுத்தில் கொ, கோ இரண்டுக்கும் ஒற்றைச் சுழிக் கொம்புதான். அந்த வேறுபாட்டைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுபவர் வீரமாமுனிவர் (1680–1747). பெயரைப் பிற்பாடு வெட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வெட்டியிருக்கலாம்தான். ஆனால் கலவையும் எழுத்தும் ஒரே பக்கம் சாய்கின்றன.

மிச்சத்தை உங்கள் உறவினர் சொல்லிவிட்டார். கையில் கரண்டி என்றால் அன்னபூரணி. பல வீடுகளில் கல்யாணச் சீரில் பெண்ணோடு அனுப்பி, அரிசியில் வைத்துக் கும்பிடுவார்கள். சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போலவே இதிலும் வெட்டியிருக்கிறார்கள். குடும்பத்தில் வயதான ஒருவரிடம் கோமளம் யார், எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார் என்று கேளுங்கள். இந்தச் சிலையைப் பொறுத்தவரை எந்த மெஷினும் தராத தேதி அங்கே கிடைக்கலாம்.

துறைகள் சேர்ந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் திருவாரூர் பக்கத்துப் பத்தூர்க் கோயிலின் நடராசர் சிலை உதாரணம். 1976-ல் மண்ணிலிருந்து கிடைத்து, கடத்தலில் லண்டன் வரை போனவர். அங்கே நடந்த வழக்கில் உலோகம், ஒட்டியிருந்த மண், கரையான் தடம் எல்லாம் பேசப்பட்டன. 'எத்தனை வயது' என்பதைவிட 'பத்தூரில் கிடந்ததா' என்பதே அங்கே பெரிய கேள்வி. 1991-ல் சிலை திரும்பி வந்தது.

அது கோயில் சொத்து, நீதிமன்றம் இருந்தது. வீட்டில் ஒரு சிலையை வைத்துக்கொண்டு 'இது என்ன?' என்று கேட்கும் குடிமகனுக்கு நம் நாட்டில் ஒரு கவுன்ட்டர் கிடையாது. 1972 தொல்பொருள் சட்டம் நூறு வருடம் தாண்டிய உலோகச் சிலையைப் பதிவு செய்யச் சொல்கிறது. நூறு வருடம் தாண்டியதா என்று சொல்ல வேண்டியவரைத் தேடி நாம்தான் அலைய வேண்டும். படிவம், போட்டோ, 'அடுத்த வாரம் வாங்க'. போதாததற்கு, போய்ச் சொன்னால் போலீஸ் வருமோ என்ற பயம். தரகர்கள் பிழைப்பதே இதனால்தான். இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் சொம்பு என்று ஊர் ஊராக ஏமாற்றுவதும் இதே கூட்டம்தான். அரிசிக்குள் இரும்புத் துகள் இருக்கும், சொம்புக்குள் காந்தம் இருக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது: சிலையைப் புளி போட்டுத் தேய்க்காமல் அப்படியே வையுங்கள். அடிப்பாகம் உட்பட எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். சென்னை வரும்போது எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தைப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நூறு வருடம் தாண்டியிருக்கும் என்று குடும்பக் கணக்கு சொன்னால் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு என்பது வயதுச் சான்றிதழ் அல்ல, அதையும் மனதில் வையுங்கள். அதுவரை விற்பது, யாரிடமாவது 'சோதனைக்கு' என்று ஒப்படைப்பது எதுவும் வேண்டாம். போன சிலை திரும்பி வராது, வந்தாலும் அதே சிலையாக இருக்காது. தரகருக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் பணம் அனுப்பிய ரசீதையும் அவர் அனுப்பிய மெசேஜ்களையும் அழிக்காமல் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.