தாது வருடக் கதையும் ஒரு பழைய பத்திரமும்

கேள்வி: எங்கள் குடும்ப வரலாற்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். தாது வருடப் பஞ்சத்தில் எங்கள் பூட்டனார் சில மரக்கால் கம்புக்காகக் கிணற்றடிப் புஞ்சையை எழுதிக்கொடுத்துவிட்டார் என்று ஆச்சி சொல்வார். தாது வருடம் என்றால் 1936 என்கிறார் சித்தப்பா. மரப்பெட்டியில் கிடைத்த பத்திரத்திலோ ‘கொல்லம் ௲௫௰௩’ என்றும், விலை ரூபாயிலும் இருக்கிறது. எதை நம்பி எழுதுவது?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் 1876-77, 1936-37 இரண்டுமே தாது வருடங்கள்தாம், சித்தப்பா தவறாகச் சொல்லவில்லை, ஒரு சுற்றுத் தள்ளிச் சொல்கிறார். உங்கள் பத்திரத்தில் ௲ என்பது ஆயிரம், ௫௰ ஐம்பது, ௩ மூன்று. கொல்லம் என்பது தென் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வழங்கிய ஆண்டுக் கணக்கு; அதன் 1053ஆம் ஆண்டு 1877 ஆவணியில் தொடங்கி 1878 ஆடியில் முடிகிறது. அதன் பெரும்பகுதி தாதுவுக்கு அடுத்த ஈசுவர வருடத்தில் வருகிறதே என்று தயங்க வேண்டாம். பஞ்சம் 1876இல் தொடங்கி 1878 வரை நீடித்தது. அது தொடங்கிய வருடத்தின் பெயராலேயே மக்கள் அதை முழுவதும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆச்சியின் கதையும் பத்திரமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. பெட்டியில் பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) குறித்த கிஸ்தி (நிலவரி) ரசீதுகள் இருந்தால், பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

விலை பற்றிய முரண்பாட்டை நீங்கள் தீர்த்துவைக்க முயல வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். முன்பு கடனாக வாங்கிய தானியத்தின் மதிப்பையே ரூபாயாக எழுதியிருக்கலாம்; கம்பு என்பது பின்னால் வந்து சேர்ந்ததாகவும் இருக்கலாம். பத்திரத்தின் வாசகத்தை எழுத்துப் பிசகாமல் படியெடுத்து, அதன் கீழே ஆச்சி சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே, எந்தத் தேதியில் சொன்னார், அவருக்கு யார் சொன்னார்கள் என்ற குறிப்போடு எழுதுங்கள். இரண்டையும் கலந்து ஒரே கதையாக்கிவிட்டால், நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைகளால் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது. உங்கள் ஊகத்தைத் தனியே, ஊகம் என்று சொல்லியே எழுதலாம்.

இன்னொன்றும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழைய பத்திரங்கள் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று ஆண்வழியையே பெரும்பாலும் சொல்லிச் செல்லும். பூட்டியின் பெயரோ அவர் பிறந்த ஊரோ அவற்றில் கிடைப்பது அரிது. அதற்குக் கல்யாண வீட்டு மொய் நோட்டைத் தேடுங்கள். எந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள், தாய்மாமன் முறையில் யார் எழுதினார்கள் என்பதெல்லாம் அதில் ஊர்வாரியாக இருக்கும். கிடைத்தால் ஆச்சியின் அருகில் உட்கார்ந்து அதை வாசித்துக் காட்டி, ஒவ்வொரு பெயரும் என்ன முறை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பத்திரப் பெட்டியைப் பிறகும் பார்த்துக்கொள்ளலாம். இந்த வேலையை இந்த மாதமே செய்துவிடுங்கள்.