பி0203 கோட் வந்தால் இசியூ போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வி: என்னிடம் 2017 மாடல் பொலேரோ பிக்கப், பிஎஸ்-4 வண்டி இருக்கிறது. பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு அடிக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் திணறி, மிஸ்ஸிங் ஆகி செக் லைட் எரிகிறது. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சில சமயம் சரியாகிவிடும். மழையிலும் மோசமான ரோட்டிலும் அதிகம் வருகிறது. ஸ்கேனரில் கோளாறு கோட் பி0203 என்று காட்டியது. சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் மூன்றாவதைக் கழற்றிவிட்டு ரீகண்டிஷன் ஒன்று போட்டார்கள். இரண்டு வாரத்தில் அதே கோட். இப்போது இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) போய்விட்டது, தெரிந்த ஆள் மூலம் அனுப்பி ரெடி பண்ணலாம், அட்வான்ஸ் கொடுங்கள் என்கிறார் மெக்கானிக். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இசியூவைச் சந்தேகப்படும் இடத்துக்கே நீங்கள் இன்னும் வரவில்லை.

மூன்றாவது சிலிண்டர் இன்ஜெக்டரின் மின்சுற்றில் கோளாறு என்பதற்கு மேல் பி0203 எதையும் சொல்வதில்லை. இசியூவில் புறப்பட்டு, ஒயர் வழியாக வந்து, சாக்கெட் பின்னைத் தாண்டி, இன்ஜெக்டரைத் திறக்க அதன் தலையில் இருக்கும் காயிலைச் (கம்பிச் சுருளை) சுற்றி, இன்னொரு ஒயரில் திரும்பிப் போகும் வழி முழுவதும் அந்தச் சுற்றுதான். எந்த இடத்தில் அறுந்தாலும் கோட் அதேதான். காயில் போயிருந்தால், இன்ஜெக்டரை மாற்றியதும் கோட் போயிருக்க வேண்டும். போகவில்லை. மழையில் வருகிறது, பள்ளத்தில் இறங்கினால் வருகிறது, சாவியை அணைத்துப் போட்டால் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இது ஒயரிலோ சாக்கெட்டிலோ இருக்கும் லூஸ் காண்டாக்டின் குணம்.

தேடுவதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. பழைய பம்ப் வண்டிகளில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் செய்வார்கள். அந்த வண்டிகளின் இன்ஜெக்டருக்கு ஒயரே கிடையாது, அங்கே அது சரி. உங்கள் வண்டி காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை. பின் டயருக்கு 60 காற்று அடிக்கிறீர்களே, அது 'பார்' என்ற அழுத்த அளவில் சுமார் 4தான். இந்த ரெயிலில் லோடு இழுக்கும்போது அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் விரலையே எடுக்கும் நிலை வரலாம். இன்றைக்கும் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வண்டியில் யாராவது அந்த நட்டில் ஸ்பேனர் வைத்தால் உடனே தடுத்துவிடுங்கள்.

அதேபோல, வண்டி ஓடும்போது இன்ஜெக்டர் சாக்கெட்டைப் பிடுங்கிப் பார்ப்பதும், டெஸ்ட் லேம்ப்பைக் குத்திப் பார்ப்பதும் கூடாது. பேட்டரியின் 12 வோல்ட்டை இசியூ தனக்குள்ளேயே 60, 70 வோல்ட்டுக்கு ஏற்றி இந்த ஒயரில் அனுப்புகிறது. ஷாக் அடிக்கும், இசியூவும் கெடும். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து இன்ஜெக்டருக்குக் கொடுத்து "டிக் டிக்" சத்தம் கேட்பதும் வேண்டாம். காயில் எரிந்துவிடும்.

சரி, எப்படிப் பார்ப்பது? சாவியை எடுத்து, பேட்டரி நெகடிவைக் கழற்றி, சில நிமிடம் விடுங்கள். மூன்றாவது இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழற்றி, பக்கத்து சிலிண்டர் சாக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லாக் உடைந்து டேக் போட்டுக் கட்டியிருக்கிறதா, பின் பச்சை பிடித்திருக்கிறதா, உள்ளே ஆயில் இறங்கியிருக்கிறதா, மீட்டர் முனையைச் செருகிச் செருகிப் பின் வாய் விரிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பல வண்டிகளின் கோளாறு இங்கேயே தெரிந்துவிடும். பிறகு ஒயர் கட்டு எங்கே கிளாம்ப்பில் உரசுகிறது, எங்கே எலி கடித்திருக்கிறது, டேப்புக்கு அடியில் யாராவது முறுக்கி ஒட்டியிருக்கிறார்களா என்று தடவிப் பாருங்கள். பைனான்ஸ்காரர் ஜிபிஎஸ் மாட்டியிருந்தால் அவர்கள் ஒயர் வெட்டிய இடத்தையும் பாருங்கள்.

காயிலை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த வகை இன்ஜெக்டரில் பெரும்பாலும் அரை ஓம்கூட இருக்காது. சாதா மீட்டரின் ஒயருக்கே அந்த அளவு ரெசிஸ்டன்ஸ் இருக்கும். அதனால் முதலில் மீட்டர் முனை இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். நான்கு இன்ஜெக்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் போதும். அப்புறம், பின்னுக்கும் இன்ஜெக்டர் உடம்புக்கும் நடுவே மீட்டர் எதுவுமே காட்டக் கூடாது.

ஒயரைச் சோதிக்க மீட்டரின் "பீப்" சத்தத்தை நம்பாதீர்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் வரும். இசியூ பக்கமும் இன்ஜெக்டர் பக்கமும் கழற்றிவிட்டு, அந்த ஒயர் வழியாக மட்டும் ஒரு ஹெட்லைட் பல்பை பேட்டரியில் எரிய வையுங்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். ஒயர் கட்டை அசைக்கும்போது மங்கினால் கோளாறு அங்கேதான்.

இதற்கு இசியூவில் எந்தப் பின் எந்த சிலிண்டருக்கு என்று தெரிய வேண்டும். இங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த ஒயரிங் படம் கம்பெனிகளிடம் இருக்கிறது, ரோட்டோர மெக்கானிக்கிடம் இல்லை. "பழுதுபார்க்கும் உரிமை" என்று 2022-இல் மத்திய அரசு இணையதளம்கூடத் திறந்தது. பட்டறைக்குப் படம் வந்து சேர்ந்தபாடில்லை. படம் இல்லாதவர் ஊகிக்கிறார், ஊகத்துக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் மறக்காதீர்கள். சில காயில்கள் இன்ஜின் ஆறியிருக்கும்போது சரியான அளவு காட்டும், சூடேறியதும் அறுந்துபோகும். உங்களுக்குப் போட்டது ரீகண்டிஷன் என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது. அதனால் காலையில் பட்டறையில் அளந்ததோடு விடாதீர்கள். லோடோடு ஓட்டி, கோளாறு வந்தவுடன் ஓரமாக நிறுத்தி, முன்போலவே பேட்டரியைக் கழற்றி, சூடு ஆறுவதற்குள் அளந்து பாருங்கள். மழையே இல்லாமல், நல்ல ரோட்டில், சூடேறிய பிறகு மட்டும் வருகிறது என்றால் இன்ஜெக்டர் மேல்தான் என் சந்தேகம் போகும். அப்போது மூன்றாவதையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். கோட் பி0202 ஆக மாறினால் இன்ஜெக்டர்தான். இன்ஜெக்டர் தலையில் எண் பொறித்திருந்தால், அதை ஸ்கேனர் மூலம் இசியூவில் ஏற்றவும் சொல்லுங்கள். பல இடங்களில் இதைச் செய்வதே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் பி0203 நகரவில்லை என்றால் இசியூவைச் சந்தேகிக்கலாம். பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்த வண்டி என்றால் சந்தேகம் இன்னும் கூடும். அப்போதும் நடுவில் ஆள் வேண்டாம், சரிசெய்கிறவரிடம் நீங்களே நேரில் போங்கள். கை மாற மாற விலை ஏறும், சில சமயம் பெட்டியே மாறிவிடும். கொடுக்கும் முன் லேபிளில் இருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவது வேறு பெட்டியாக இருந்தால் சாவியை ஏற்காமல் வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம்.